கல்நார் நோயும் இழப்பீட்டு உரிமையும்

ஆஸ்பெஸ்டாஸ் என்று பரவலாக அறியப்படும் கல்நார், கண்ணுக்குப் புலப்படாத இழைகளாகப் பிரியும் தன்மையுடைய கனிமமாகும்; அது கலந்த பொருள்களை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் இழைகள் மூச்சுடன் நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிட்டால், உடலால் அவற்றைக் கரைக்கவும் முடிவதில்லை, முழுமையாக வெளியே தள்ளவும் முடிவதில்லை. இவ்விழைகளால் நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ் எனப்படும். நுரையீரலையும் வயிற்றறையையும் சூழ்ந்துள்ள மெல்லிய உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயும், நுரையீரல் புற்றுநோயும் இதே இழைகளால் வருபவை. புகைபிடிக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பன்மடங்காகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இழப்பீடு கோருவோர் முதலில் அறிய வேண்டியது இந்நோய்களின் தாமதத்தைத்தான். ஆஸ்பெஸ்டோசிஸ் வெளிப்படப் பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகின்றன. மீசோதீலியோமாவுக்கு இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை ஆகலாம். இருபத்தைந்து வயதில் தூசி குடித்தவர் அறுபது வயதில் மூச்சிரைக்கத் தொடங்கும்போது, வேலை பார்த்த ஆலை மூடப்பட்டிருக்கலாம், ஒப்பந்தக்காரர் இறந்திருக்கலாம், சம்பளச் சீட்டுகள் கரையான் அரித்துப் போயிருக்கலாம். இந்தியச் சட்டம் இந்நோய்களுக்கு இழப்பீடு உண்டு என்பதைத் தெளிவாக ஏற்றுக்கொண்டிருந்தும் அதைப் பெற்றவர்கள் சிலராகவே இருப்பதற்கு இந்தத் தாமதமே தலையாய காரணம். ஆகவே இவ்வியலில் சட்டப் பிரிவுகளுக்குத் தரப்படும் இடத்துக்குச் சற்றும் குறையாத இடம், வேலை பார்த்ததற்கான சான்றுக்கும் நோயின் பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்குவதற்கும் தரப்படுகிறது.

மலையிலிருந்து இறங்கிய வேலைகள்

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது சேலம் மாவட்டத்து மலைவாழ் தொழிலாளரின் நிலை. ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த மாரமங்கலம் ஊராட்சியிலோ சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலோ கல்நார்ச் சுரங்கத் தொழில் நடந்ததில்லை. மலையில் வெட்டப்பட்டது மேட்டூர் அலுமினிய ஆலைக்கான பாக்சைட். மலையடிவாரத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டப்படுவது மேக்னசைட். நாடு முழுவதற்குமே, கல்நாருக்குப் புதிய சுரங்கக் குத்தகை வழங்குவதை மத்திய அரசு 1986இல் நிறுத்தியது. இருந்த குத்தகைகளைப் புதுப்பிப்பதை 1993இல் நிறுத்தியது. ஆனால் சுரங்கத்துக்கு விதித்த தடை பயன்பாட்டுக்கு விதிக்கப்படவில்லை. ரஷ்யா, கஜகஸ்தான், பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து வெள்ளைக் கல்நார் இன்றும் இறக்குமதியாகி, சிமெண்டுடன் சேர்ந்து கூரைத் தகடாக ஊர் ஊராகச் சென்றுகொண்டிருக்கிறது.

எனவே மலைவாழ் தொழிலாளர் ஒருவருக்குக் கல்நார் நோய் இருக்கக்கூடுமா என்று ஆராய்பவர், அவர் பிறந்து வளர்ந்த ஊரைக் கேட்பதோடு நில்லாமல், காப்பித் தோட்ட வேலை இல்லாத மாதங்களிலும் ஆண்டுகளிலும் அவர் மலையிறங்கி எங்கெங்கே சென்றார் என்று கேட்க வேண்டும். கல்நார் சிமெண்டுத் தகடும் குழாயும் செய்யும் ஆலைகள் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர்ப் பகுதியிலும், அரக்கோணத்திலும், தமிழ்நாடு அரசின் சிமெண்ட் கழகத்தின்கீழ் விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்திலும் கரூர் மாவட்டம் மாயனூரிலும் இயங்கியவை அல்லது இயங்குபவை. அவற்றில் மூட்டை பிரித்தவர், கலவை கலந்தவர், உடைந்த தகடுகளை அள்ளியவர், அனல் மின் நிலையங்களிலும் பழைய ஆலைகளிலும் கொதிகலன் குழாய்களுக்கு வெப்பக் காப்பு சுற்றியவர் அல்லது பிரித்தவர், பழைய வகை பிரேக் லைனிங்கைத் தேய்த்துப் பொருத்திய மெக்கானிக், கப்பல் உடைக்கும் தளத்துக்குச் சென்றவர் ஆகியோர் ஆபத்து மிகுந்த பிரிவினர். இவர்களுடைய வேலைத் துணிகளை நாள்தோறும் உதறித் துவைத்த மனைவியருக்கும் தாய்மாருக்கும் இதே நோய்கள் வந்திருப்பதை உலகெங்கும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

கூரை போடும் கொத்தனாரும் சித்தாளும் இவ்வரிசையில் சேர்பவர்களே. ஆஸ்பெஸ்டாஸ் சீட் கூரையின்கீழ் வசிப்பதால் ஏற்படும் ஆபத்து, தகடு உடையாமல் இருக்கும்வரை குறைவு. அதை அளவுக்கு அறுப்பதும், ஜே போல்ட்டுக்குத் துளை போடுவதும், காற்றில் பெயர்ந்ததை உடைத்து இறக்குவதும்தான் இழைகளைக் கிளப்புகின்றன. நனைத்துவிட்டுக் கைரம்பத்தால் அறுப்பதற்கும், காய்ந்த தகட்டை மின்சாரக் கட்டரால் அறுப்பதற்கும் இடையே பறக்கும் தூசியில் பெரும் வேறுபாடு உண்டு என்பதை இத்தொழிலில் இருப்போர் கண்ணாலேயே காணலாம்.

பாக்சைட், மேக்னசைட் சுரங்கங்களில் வேலை பார்த்து மூச்சிரைப்புக்கு ஆளானோர் கல்நார் நோயாளிகள் என்று தாமாக முடிவு செய்துகொள்ளக் கூடாது. அவர்கள் பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் போன்ற வேறு நோய்களுக்கு ஆளாகியிருக்கலாம். அந்நோய்களில் பலவற்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பெயர் மாறினால் விண்ணப்பம் செல்லும் வழியும் மாறலாம் என்பதால், நோயைச் சரியாகக் கண்டறிவது முதல் வேலை.

நோயின் பெயரை எழுதி வாங்குதல்

கல்நார் நோய்க்கு ஆளானோரின் மருத்துவச் சீட்டுகளைப் புரட்டினால் அடிக்கடி காணக் கிடைப்பவை ‘பழைய காசநோய்’, ‘நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு’, ‘ஆஸ்துமா’ என்னும் சொற்களே. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் இருமலும் மூச்சிரைப்பும் எடைக்குறைவும் கண்டவுடன் மருத்துவர் முதலில் காசநோயைக் கருதுவது இயல்பே. ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பின்னும் காசநோய் மருந்தே தொடர்வதும், நோயாளி முன்பு என்ன வேலை செய்தார் என்று ஒருவரும் கேளாதிருப்பதும் அவருடைய உடலுக்கும் உரிமைக்கும் ஒருங்கே தீங்கு செய்கின்றன. அவ்வாறான சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இழப்பீட்டு ஆணையர் முன் நிற்பவருக்கு ஆணையர் மனமிருந்தும் உதவ இயலாது.

ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதற்கட்டச் சோதனை முடிந்தபின், சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குச் செல்வது மலைவாழ் மக்களுக்கு அருகிலுள்ள வழி. அங்கே தேவைப்படுபவை மூன்று: மார்பு எக்ஸ்ரே, நுண் வெட்டுகளாக எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன், ஊதிப் பார்க்கும் நுரையீரல் திறன் சோதனை. புற்றுநோய் ஐயம் இருந்தால் திசுச் சோதனையும் சேரும். தூசி நோய்களுக்காக எக்ஸ்ரேயை வாசிக்கச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த தரவரிசை ஒன்று உண்டு. நுரையீரலில் காணும் நிழல்களின் வடிவையும் அடர்த்தியையும் அம்முறைப்படி குறித்துத் தரும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நுரையீரலின் கீழ்ப்பகுதிகளில் ஒழுங்கற்ற நிழல்களும், உறையில் சுண்ணாம்பேறிய திட்டுகளும் இருப்பது கல்நாரைச் சுட்டும் முக்கியத் தடயமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி தம் வேலை வரலாற்றைத் தாமே சொல்லி, அதை மருத்துவர் தம் கைப்பட எழுதும்படி செய்ய வேண்டும். ‘இத்தனை ஆண்டு முதல் இத்தனை ஆண்டு வரை கல்நார்த் தகடு ஆலையில் கலவைப் பிரிவில் பணி’ என்ற ஒரு வரி புறநோயாளிச் சீட்டில் ஏறிவிட்டால், பின்னாளில் எழுதப்படும் எல்லாச் சான்றுகளுக்கும் அது வேராகிறது. ஆஸ்பெஸ்டோசிஸ், சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. ஆலைத் தொழிலாளரிடம் அதைக் கண்டறியும் மருத்துவர், தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அந்த அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் கோப்புக்குப் பெரும் வலிமை தரும். ஐயம் தீராத நிலையில், அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தின் கருத்தைப் பெறும்படி ஆணையரையோ நீதிமன்றத்தையோ வேண்டலாம்.

சட்டம் தரும் இரு வழிகள்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948 என்னும் இரண்டும் நெடுங்காலமாக இவ்வுரிமையின் தூண்களாக இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவ்விரு சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டு, தொழில்சார் நோய்களின் பட்டியலைத் தன் மூன்றாம் அட்டவணையில் ஏற்றுள்ளது. பழைய சட்டத்தின் காலத்திலேயே எழுந்துவிட்ட கோரிக்கைகள் பழைய சட்டத்தைக் கொண்டே வாதிடப்படும் என்பதாலும், புதிய தொகுப்பு பழைய அமைப்பையே பெரிதும் பின்பற்றுவதாலும், இங்கு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூறுகளே விளக்கப்படுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும் என்பதைச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை மூன்று பகுதிகளாக உள்ளது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இரண்டாம் பகுதியில் உள்ளன. கல்நார் சார்ந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்தவருக்கு இந்நோய் வந்தால், அது வேலையால் வந்த காயமாகவே சட்டம் கொள்கிறது. அவ்வாறன்று என்று காட்டும் பொறுப்பு முதலாளியைச் சேரும். ஆஸ்பெஸ்டோசிஸ் மூன்றாம் பகுதியில் உள்ளது; அதற்குரிய தொடர் பணிக்காலத்தை மத்திய அரசு வரையறுக்கிறது. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்து, ஒருவரிடமும் அக்காலம் நிறையாதவருக்கும் வழி உண்டு: ஆணையர் நியாயமெனக் கருதும் விகிதத்தில் எல்லா முதலாளிகளும் பங்கிட்டுச் செலுத்த வேண்டும்.

ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்குச் சென்றவர்கள், ‘கம்பெனியில் எங்கள் பெயரே இல்லை’ என்று சொல்லிப் பின்வாங்குவது வழக்கம். அது தேவையற்றது. ஒப்பந்தக்காரரை அமர்த்திய மூல முதலாளியே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அவர் செலுத்திவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தற்காலிகத் தொழிலாளர் என்ற காரணத்தால் விலக்குவதற்கு இருந்த இடமும் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று முதலாளி எழுதி வாங்கிய தாளுக்கு, அது இழப்பீட்டு உரிமையைக் குறைக்கும் அளவில், சட்டத்தில் மதிப்பில்லை.

மலைவாழ் மக்களுக்கு மிகவும் பயன்படும் பிரிவு, எங்கே வழக்கிடலாம் என்பதைப் பற்றியது. நோயாளியோ அவரைச் சார்ந்தோரோ வழக்கமாக வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே விண்ணப்பிக்கலாம். அரக்கோணத்தில் வேலை பார்த்தவர் அரக்கோணத்துக்கு அலைய வேண்டியதில்லை. மாரமங்கலத்தில் வசிப்பவர் சேலத்திலுள்ள தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

தொகை கணக்கிடப்படும் முறை எளிது. வேலை செய்யும் திறனை முழுமையாக இழந்தவருக்கு மாதச் சம்பளத்தின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வரும் தொகையோ 1,40,000 ரூபாயோ, எது கூடுதலோ அது. இறந்தவரின் குடும்பத்துக்குச் சம்பளத்தின் 50 விழுக்காட்டை அதே காரணியால் பெருக்கி வரும் தொகையோ 1,20,000 ரூபாயோ, எது கூடுதலோ அது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். காரணி 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09, 55 வயதுக்கு 135.56, 60 வயதுக்கு 117.41 என இறங்கிச் செல்கிறது. மாதம் 12,000 ரூபாய் வாங்கிய 55 வயதுத் தொழிலாளி முழுத் திறனையும் இழந்தால் 7,200ஐ 135.56ஆல் பெருக்க வரும் 9,76,032 ரூபாய் அவருக்கு உரியது. மருத்துவர் 40 விழுக்காடு இழப்பு என்று மதிப்பிட்டால் ஏறத்தாழ 3,90,413 ரூபாய். அவர் இந்நோயால் இறந்தால் குடும்பத்துக்கு 8,13,360 ரூபாய். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாத முதலாளி 12 விழுக்காடு வட்டியும், நியாயமான காரணம் இல்லையெனில் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் சேர்த்துச் செலுத்த நேரும். இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடமே கட்ட வேண்டும். துக்க வீட்டுக்கு வந்து கையில் கொடுக்கும் பணம் சட்டப்படியான இழப்பீடாகக் கருதப்படாது.

இரண்டாம் வழி ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் ஆலைத் தொழிலாளர் இதற்குள் வருவர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுரங்கத் தொழிலாளர் இதற்குள் வரவில்லை, அவர்களுக்கு முதல் வழியே வழியாக இருந்தது. ஈ.எஸ்.ஐ. அட்டவணையிலும் மேற்கண்ட நோய்கள் உள்ளன. மருத்துவ வாரியம் மதிப்பிடும் திறன் இழப்புக்கேற்ப, முழு இழப்புக்குச் சம்பளத்தின் 90 விழுக்காடு என்ற அளவை ஒட்டி, வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். இறந்தால் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. வாரியத்தின் மதிப்பீடு குறைவு என்று கருதுபவர் மேல்முறையீடு செய்யலாம். ஈ.எஸ்.ஐ. பொருந்துமிடத்தில் அதே நோய்க்கு முதலாளியிடமும் இழப்பீடு பெற இயலாது. ஆனால் ஒரே தொகையாக வாங்கிச் செலவழிந்துவிடும் பணத்தைவிட, மாதந்தோறும் வரும் பணமே மூச்சிரைப்போடு பல ஆண்டு வாழ வேண்டியவருக்கு உற்ற துணை என்பதால் இதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தமக்கும் துணைக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். சேலத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருந்தும், இவ்வசதியைப் பற்றி ஓய்வு பெறும் நாளில் ஆலையில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

இரண்டாண்டுக் கணக்கு

இழப்பீட்டுக் கோரிக்கையை இரண்டாண்டுக்குள் எழுப்ப வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. எந்த நாளிலிருந்து இரண்டாண்டு என்பதில்தான் நோயாளிகள் தவறுகின்றனர். நோயால் வேலைக்குத் தொடர்ந்து வர இயலாமற்போன முதல் நாளே விபத்து நடந்த நாளாகக் கொள்ளப்படும். நோய் இருந்தும் வேலைக்கு வந்துகொண்டிருப்பவருக்கு, அவர் முதலாளிக்கு நோயைத் தெரிவித்த நாளிலிருந்து கணக்குத் தொடங்கும். வேலையை விட்டு இரண்டாண்டுக்குள் அறிகுறி தோன்றினால், அறிகுறி முதலில் கண்டறியப்பட்ட நாள் கணக்கில் வரும்.

கடைசியாகச் சொன்ன விதி கல்நார் நோயின் இயல்புக்கே முரணானது. முப்பதாண்டு கழித்து வரும் நோய்க்கு, வேலையை விட்ட இரண்டாண்டுக்குள் அறிகுறி காட்ட வேண்டும் என்பது, உரிமையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். புதிய தொகுப்பை எழுதியபோதாவது இந்நோய்களுக்கெனத் தனிக் கால வரம்பு வகுத்திருக்க வேண்டும். இருப்பினும் நம்பிக்கை இழக்கக் காரணமில்லை. போதிய காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்து மனுவை ஏற்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. நோயின் பெயர் இந்நாள்வரை தமக்குச் சொல்லப்படவில்லை என்பதும், காசநோய் என்று கருதியே மருந்து தரப்பட்டது என்பதும் மருத்துவச் சீட்டுகளால் மெய்ப்பிக்கக்கூடிய காரணங்கள். ஆகவே பழைய சீட்டு எதையும் எறிந்துவிடக் கூடாது.

தாமதமாக வரும் நோய்க்கு ஆதரவாக நிற்கும் பெருந்தீர்ப்பு ஒன்றும் உண்டு. நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்து, கல்நார்த் தொழிலில் உள்ள ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டு, இவற்றுள் எது பிந்தையதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வழக்கில் நோயுற்றதாகச் சான்றளிக்கப்படும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. வேலையை விட்டு நெடுநாள் கழித்தும் நோய் வரும் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதன் அடையாளமே அந்தப் பதினைந்தாண்டு. ஆலை அப்பதிவை வைத்திருக்கிறதா என்று எழுத்து மூலம் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இல்லை என்று பதில் வந்தால், அப்பதிலே அவருடைய கோரிக்கைக்கு ஓர் ஆவணமாகிறது.

கோப்பில் இருக்க வேண்டியவை

வருங்கால வைப்பு நிதி எண்ணும் அதன் கணக்குச் சீட்டும் இருந்தால் வேலைச் சான்றுக்கு அதனினும் சிறந்த ஆவணம் இல்லை. ஆலை மூடப்பட்ட பின்னும் நிதி அலுவலகத்தில் அப்பதிவு இருக்கும். ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, வாயில் அனுமதிச் சீட்டு, போனஸ் ரசீது, சங்க உறுப்பினர் அட்டை, வேலையிடத்தில் எடுத்த நிழற்படம் ஆகியவையும் ஏற்கத்தக்கவை. சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், அங்கு நடந்த காலமுறை மருத்துவச் சோதனையின் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த ஆவணமும் இல்லாதவர், உடன் வேலை செய்த இருவரிடம் உறுதிமொழிப் பத்திரம் பெறலாம். அவர்களும் முதியவர்களாகவே இருப்பர் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இறப்பு நேர்ந்த வீட்டில் கேட்பதற்குக் கடினமானதாயினும் சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மருத்துவமனையில் இறப்பவருக்கு மருத்துவர் எழுதும் இறப்புக் காரணச் சான்று படிவம் 4 எனப்படும். வீட்டில் இறப்பவருக்கு, மருத்துவம் பார்த்த மருத்துவர் எழுதுவது படிவம் 4ஏ. அதில் ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்று மட்டும் எழுதப்பட்டால் குடும்பத்தின் கோரிக்கை அங்கேயே வலுவிழக்கிறது. அடிப்படைக் காரணம் என்னும் வரியில் ஆஸ்பெஸ்டோசிஸ் அல்லது மீசோதீலியோமா என்று எழுதும்படி, பழைய சோதனை முடிவுகளைக் காட்டி, அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சி உரிமையைக் கைவிட வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன்படி பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவச வழக்கறிஞர் உண்டு. சேலம் மாவட்டத்து மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். கோட்டாட்சியர் வழங்கும் சாதிச் சான்றுடன் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும்.

முதலாளி இல்லாதோர்க்கு

வீடு வீடாகக் கூரை போட்டவருக்கும், கணவரின் துணி துவைத்து நோய் வாங்கிய மனைவிக்கும் மேற்சொன்ன இரு வழிகளும் பெரும்பாலும் அடைபட்டவை. அவர்களுக்கு இருப்பவை பொதுத் திட்டங்களே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்து வந்தவருக்கு 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும், இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகையும் கிடைக்கும். நோய் வந்த பின் பதிவு செய்ய ஓடுவோருக்கு வயது வரம்பு தடையாகிவிடுகிறது. ஆதரவற்ற முதியோருக்கும் விதவையருக்கும் வருவாய்த் துறை வழங்கும் மாதம் 1,200 ரூபாய்க்கு ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு அலைவதில் பயன் குறைவு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் நுரையீரல் நோய் தனி வகையாக இடம்பெறவில்லை.

இது போதாது. ஜப்பானில் அமகசாக்கி நகரில் குபோட்டா ஆலையைச் சுற்றி வசித்தோருக்கு மீசோதீலியோமா வந்தது 2005இல் வெளிப்பட்டபோது, மறு ஆண்டே அந்நாடு தொழிலாளர் அல்லாத குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் நிவாரணம் தரும் சட்டம் இயற்றியது. பிரிட்டனில், முதலாளி இல்லாமற்போன தூசி நோயாளிகளுக்கு அரசே தொகை தரும் சட்டம் 1979 முதல் உள்ளது. இந்தியாவிலேயே ராஜஸ்தான் 2019இல் தூசி நோய்களுக்கென ஒரு கொள்கை வகுத்து, நோய் உறுதியானவருக்கு மூன்று லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும், முதலாளி யாரென்று கேளாமலே வழங்குகிறது. தமிழ்நாட்டு மலையூர் ஒன்றிலேயே முன்மாதிரி உண்டு: கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர் 591 பேர், பாதரச நஞ்சுக்காகத் தனித்தனியே அலையாமல் ஒன்றாக நின்று 2016இல் நிறுவனத்துடன் உடன்பாடு கண்டனர்.

ராஜஸ்தானின் வழியில் தமிழ்நாடு அரசும் தூசி நோயாளிகளுக்கு நேரடி நிவாரணம் வகுக்க வேண்டும். அதற்கான குரல் மாரமங்கலத்திலிருந்தே எழலாம். ஆண்டுதோறும் மே 1 அன்று கூடும் கிராமசபை, கல்நார் ஆலையிலும் சுரங்கத்திலும் கூரை வேலையிலும் இருந்து திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அவர்களுக்கு நுரையீரல் சோதனை முகாம் நடத்தும்படி மாவட்ட ஆட்சியரைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றட்டும். அப்பட்டியலில் தம் பெயரையும், வேலை செய்த இடத்தையும், ஆண்டுகளையும் சேர்க்கச் சொல்வது ஒவ்வொரு முன்னாள் தொழிலாளியும் உடனே செய்யத்தக்கது.